மூன்று சோழிக்கு விற்ற பிள்ளை

இன்று காலை மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியோடு வந்து இறங்கினாள். குழந்தை யார் ஜாடை என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, என் கைக்கு வந்தது பிறப்புச் சீட்டு. அதில் ஃபினாயில் வாசனை. அவ்வளவுதான், கல்கத்தாவில் டாலிகஞ்சு வீட்டில் உட்கார்ந்திருந்தவன் முப்பது வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்த பவானிபூர் ஆபீசுக்குப் போய்விட்டேன்.

சுகாதார ஆபீஸ் என்று பேர். எனக்குத் தெரிந்து அது இரண்டு தடிப் புத்தகங்கள்தான். ஒன்று பிறப்பு, இன்னொன்று இறப்பு. இறப்பில் குளத்தில் விழுந்தது, வண்டியில் அடிபட்டது, காய்ச்சல் என்று பத்தி பத்தியாக இருக்கும். ஒரு வயதுக்குள் போனதற்குத் தனிப் பத்தி. அதுதான் முதலில் நிரம்பும். என் கையெழுத்து அழகு என்று அதை என்னிடம் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பெருமையாகக் கடிதம் வேறு போட்டேன், மடையன். எந்தப் பத்தி என்று மட்டும் அதில் எழுதவில்லை.

மங்களத்தின் மூன்று குழந்தைகளையும் அந்தப் பத்தியில்தான் எழுதினேன். வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த கும்பகோணத்துக்காரரின் மனைவி அவள். தமிழ் வீடு என்பதால் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் அனுப்புவார்கள். பிறந்ததை எழுதப் போவேன். சில வாரத்தில் மறுபடியும் போவேன். அந்தக் கதவு முன்னால் என்னால் நிற்கவே முடியாது.

நாலாவது பிரசவத்தின்போது, மருத்துவச்சி கொடுத்த தகவலோடு போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து மங்களம் பேசினாள்.

"எனக்குக் கொழந்தை ஒண்ணும் பொறக்கலை, அண்ணா."

உள்ளே வீல் வீலென்று அழுகை.

"பின்னே அது யாரும்மா?"

"அது பௌதியோட கொழந்தை. மூணு சோழிக்கு வித்துட்டேன்."

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளைத் தெருவே பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். அஞ்சு பிள்ளை பெற்று அஞ்சையும் வளர்த்தவள். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த கையோடு அடுத்தவளுக்குச் சோழிக்கு விற்றுவிட்டால் எமன் தேடி வரமாட்டான் என்பது அவர்கள் வழக்கம். நம் பக்கம் தவிட்டுக்கு விற்பதில்லையா, அதே மாதிரி. அப்புறம் பெற்றவளே வளர்ப்பாள், இன்னொருத்தி பிள்ளையாக.

"தாயார் பேருன்னு ஒரு எடம் இருக்கேம்மா. பௌதி பேரை நான் எப்படி எழுதறது?"

"எம் பேரை எழுதினா வித்தது வித்ததா ஆகாது. மூணு தடவை எழுதினேள். மூணும் போயிடுத்து. இதை விட்டுடுங்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானா கொன்றேன்? சட்டம், அபராதம் என்று ஏதேதோ உளறினேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துத் தலைமைக் குமாஸ்தா, நாங்கள் பெரிய பாபு என்போம், அந்த மதராஸி வீட்டுப் பிறப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். தப்புத் தகவல், அங்கே பிறப்பே இல்லை என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி ஏது? தினமும் இறப்புச் சீட்டுகள் வந்ததும் மங்களம் இருந்த சந்தின் பேர் இருக்கிறதா என்று புரட்டுவேன். இருக்காது. ஆனாலும் சாயங்காலம் சுற்றுவழியாக அந்தப் பக்கம் நடப்பேன். அழுகைச் சத்தம் காதில் விழுந்தால்தான் வீட்டில் சோறு இறங்கும். பெற்ற தகப்பன்கூட அப்படி அலைந்திருக்க மாட்டான்.

ஒரு வருஷம் போயிருக்கும். டிராம் நிற்கும் இடத்தில் பார்த்தேன். மங்களத்தின் இடுப்பில் பையன், கொழுகொழுவென்று. சந்தோஷத்தில் இரண்டடி முன்னால் போய்விட்டேன். என்னைக் கண்டதும் அவள் முந்தானையை இழுத்து அவன் முகத்தை மூடினாள். வலிக்கத்தான் செய்தது. நானும் டிராம் வருகிறதா என்று பார்க்கிறவன்போல் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சந்தை இடித்து அகலத் தெரு போட்டார்கள். பௌதியின் வீடும் போயிற்று. மங்களத்தின் குடும்பம் எங்கே குடிபோனது என்று தெரியவில்லை. பவானிபூர்த் தமிழர்களில் நாலு பேரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவனுக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் யாரையும் கேட்கவில்லை.