பெட்டி மூடியில் நாலு ஓட்டை

ஜீப்பில் இரண்டாவது பேட்டரி மாட்ட எவ்வளவு ஆச்சு என்று யார் கேட்டாலும் மணவாளன் இருநூற்று நாற்பது ரூபாய் என்பான். பேட்டரி நூற்று எண்பது, கேபிளும் சுவிட்சும் முப்பத்தைந்து, மரப்பெட்டி பன்னிரண்டு, மீதி கூலி. எளாவூர் சுற்றுவட்டாரத்தில் ஜீப்பு, டிராக்டர் வைத்திருந்த பாதிப் பேர் அவனிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவன் வீட்டில் நடந்ததும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். காரியம் ஆகவேண்டியவனுக்கு அடுத்தவன் வீட்டு அழுகை எதற்கு?

மணவாளன் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். பங்கு பிரித்தபோது வந்த இரண்டு ஏக்கரை அண்ணன் துளசிராமனிடமே விற்றுவிட்டு, ஆவடிப் பக்கம் ஏலம் போட்ட பட்டாளத்து ஜீப்பு ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். அது 1964. சோறு போடுகிற மண்ணைக் கொடுத்துவிட்டுத் தகரத்தை வாங்கி வந்திருக்கிறான் என்று ஊர் சிரித்தது. ஐப்பசி மழை பிடித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகப் பாதையில் வழியும்போது மாட்டு வண்டி அச்சுவரை சேற்றில் புதைந்து நிற்கும். மணவாளன் ஃபோர் வீல் கியரைத் தட்டினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, ஜீப்பு முக்கி முனகி அக்கரை ஏறிவிடும். பிரசவ வலி கண்டவர்கள், பாம்பு கடித்தவர்கள், உர மூட்டை, ஒருமுறை செத்துப்போன ஒரு பெரியவர் என்று எல்லாரும் அதில் போனார்கள்.

மழைக்காலம் மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதம் வயிறு என்ன லீவா போடும்? அதற்காகத்தான் மைக் செட் ஓட்டம். கும்மிடிப்பூண்டியில் மைக் செட் வைத்திருந்த சுப்பராயன், ஜீப்பின் மேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, டூரிங் டாக்கீஸ் விளம்பரத்துக்கு ஊர் ஊராக அனுப்புவார். ஜீப்பில் இருந்தது ஒரே பேட்டரி. குழாயும் பாடவேண்டும், வண்டியும் கிளம்பவேண்டும் என்றால் அது எங்கே போகும்? ஒரு சந்தை நாளில் நடுச்சந்தையில் பாட்டு இழுத்து இழுத்து நின்றது, வண்டியும் நின்றது. பத்துப் பேர் தள்ளினார்கள், நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். சுப்பராயன் கோபப்படவில்லை. அடுத்த மாசியில் தேர்தல் வருகிறது, இரண்டு மாதம் முழு ஓட்டம் தருகிறேன், ஆனால் மைக்குக்குத் தனி பேட்டரி மாட்டினால்தான் என்று சொல்லிவிட்டார். ஓட்டம் கிடைக்காவிட்டால் விற்ற நிலத்திலேயே அண்ணனிடம் கூலிக்கு இறங்கவேண்டியதுதான் என்பது மணவாளனுக்கும் தெரியும், அவன் மனைவி பூவம்மாளுக்கும் தெரியும். கறவை மாட்டை விற்கலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

திருவள்ளூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பாக்கியராஜ் பேட்டரி கடை வைத்திருந்தான். கொஞ்சம் பேசுகிறவன், நிறையத் தெரிந்தவன். பானெட்டுக்குள் இடம் இல்லாததால், இடது சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி செய்து அதற்குள் புது பேட்டரியை இறக்கினான். பெட்டி மூடியில் நாலு ஓட்டை போடச் சொன்னான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு ஆவி கிளம்பும், அது வெளியே போகவேண்டும், பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்காதே என்று இரண்டு தரம் சொன்னான். மணவாளன் அங்கேயே துளைப்பானை வாங்கி நாலு ஓட்டை போட்டான். பாக்கியராஜ் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

நல்ல யோசனை சொன்னவனுக்கு ஏரிக் கலங்கலைத் தாண்டுகிற வண்டியைப் பற்றித் தெரியாது, அதுதான் வம்பாய்ப் போயிற்று. அந்த வருஷம் புரட்டாசி மழையிலேயே ஜீப்பின் படுதாக் கூரை ஒழுகியது. நனைந்து வந்து ஏறியவர்களின் துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, சீட்டு வழியாக ஓட்டையில் இறங்கியது. பேட்டரித் தலையில் பச்சையாய்ப் பூத்துவிட்டது. நூற்று எண்பது ரூபாய்ச் சாமான் இப்படி நாசமாகிறதே என்று மணவாளனுக்கு மனசு கேட்கவில்லை. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தாரை உருக்கி நாலு ஓட்டையையும் அடைத்தான். பேட்டரி என்ன மாடா, மூச்சு விட, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

பூஜையன்று ஜீப்பைக் கழுவித் துடைத்து, புது பேட்டரிக்கு நன்றாகச் சார்ஜ் ஏறட்டும் என்று காலையிலிருந்து இன்ஜினை ஓடவிட்டிருந்தான். பிறகு நிறுத்திவிட்டுப் பட்டை போட்டுச் சாமந்தி மாலை கட்டினான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பானெட்டைத் திறந்து பழைய பேட்டரிக்குப் பொட்டு வைத்தாள் பூவம்மாள். புதுசாக வந்தது அது இல்லையே, மாட்டை விற்று வாங்கியதற்கு அல்லவா முதலில் காட்டவேண்டும் என்று சீட்டைத் தூக்கச் சொன்னாள். அவன் தூக்கிச் சாய்த்துவிட்டு, பூசணிக்காயை எடுக்கத் திரும்பினான். வலது கையில் கற்பூரம் எரிகிற தட்டு. இடது கையால் பெட்டி மூடியைத் திறந்து, பொட்டு வைக்கக் குனிந்தாள்.

வேட்டுச் சத்தம் மாதிரி கேட்டது என்று ஊரில் சொன்னார்கள். மணவாளன் திரும்பியபோது மூடி தெருவில் கிடந்தது. பேட்டரியின் தலை பிளந்திருந்தது. பூவம்மாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. அவன்தான் கத்தினான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, ஜீப்பு முதல் திருகலிலேயே கிளம்பியது. மாலையோடும் பட்டையோடும் அதே ஜீப்பில் முப்பது மைல், நேரே பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரி.

இருபத்திரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் அவனை வெளியே அழைத்து, இரண்டு கண்ணும் ஆசிட்டில் வெந்துவிட்டன, இனி வெளிச்சம் தெரிந்தால் உண்டு, ஆள் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். அவன் உள்ளே போனான். ஓட்டையை அடைத்ததை இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனான். அதற்குள் அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், அடிக்கமாட்டியே? அன்னிக்கு எனக்கு மூணாம் நாளு. நாலாம் நாளுன்னு பொய் சொல்லித் தலைக்கு ஊத்திக்கினேன். இல்லாங்காட்டி உங்க அண்ணி வந்து கற்பூரம் காட்டியிருக்கும். நம்ப வண்டிக்கு நானே காட்டணும்னு ஆசப்பட்டுட்டேன். தீட்டோட கைய வச்சேன், சாமி கண்ண புடுங்கிக்கிச்சி."

மணவாளன் சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவள் கையைத் தடவிக்கொடுத்தான். நெஞ்சில் இருபத்திரண்டு நாளாக உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. இந்த இடத்தில் அவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும். விட யாரும் அங்கே இல்லை. அழாதே என்று மட்டும் சொன்னான். அவளுடைய பொய்யை மன்னித்த புருஷனாக அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான்.

ஊருக்கு வந்த பிறகு பாக்கியராஜ் விஷயம் கேள்விப்பட்டு, பஸ் ஏறி வந்து பார்த்தான். மூடியில ஓட்டை இருந்துச்சா என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. இருந்தது என்றான் மணவாளன். மூடி எங்கே என்று கேட்டான். அடுப்பில் போயிற்று என்றான். அது நிஜம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அவனே அதை அடுப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தான். சுப்பராயன் கொடுத்த அட்வான்ஸில் மணவாளன் வேறு பேட்டரி வாங்க, இந்தத் தரம் பெட்டிக்கு மூடிக்குப் பதில் பாக்கியராஜே கம்பிவலை அடித்துக் கொடுத்தான். தேர்தல் வந்தது. ஜீப்பு இரண்டு மாதம் நிற்காமல் பாடிக்கொண்டு ஓடியது. அண்ணன் நிலத்தில் கூலிக்கு இறங்கவேண்டிய அவசியம் மணவாளனுக்கு வரவே இல்லை.

பூவம்மாள் தடவித் தடவிச் சமைக்கக் கற்றுக்கொண்டாள். அரிசியில் கல் இருந்தால் விரலிலேயே தெரிந்துவிடும் அவளுக்கு. ஆனால் விளக்கேற்றமாட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகமாட்டாள். வளைகாப்பு, மஞ்சள் நீர் என்று யாராவது கூப்பிட்டால், எங்கையி ஆகாத கையி, நான் வரலைம்மா என்று தானே சொல்லிவிடுவாள். மூன்றாம் நாள் சமாச்சாரம் எப்படியோ வெளியே போயிருந்தது. கொஞ்ச நாளில் ஊரும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது, பாவம் அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்கிற சாக்கில்.

மணவாளனுக்கோ நல்ல பெயர். குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பான், தலை வாரிவிடுவான், ஓட்டத்திலிருந்து வரும்போது மறக்காமல் பூ வாங்கி வருவான். தெய்வத்துக்குக் குற்றம் செய்தவளை ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல் வைத்துக் காப்பாற்றுகிறான், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று கிணற்றடியில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழுந்த நாளெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது. சொல்லிவிடலாம் என்று முதல் வருஷம் நினைத்தான். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியிருந்தது. வருஷம் ஏற ஏற அந்தப் பதில் கனத்துக்கொண்டே போயிற்று.

1975 தை மாதம் அவர்களுடைய ஒரே மகள் கனகவல்லிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை செவ்வாப்பேட்டைப் பையன், ஆவடியில் ஃபேக்டரி வேலை. கல்யாணம் பெண் வீட்டிலேயே. பந்தலுக்கு வரமாட்டேன் என்று பூவம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்கவேண்டும். தாய் சொம்பிலிருந்து நீர் வார்க்கவேண்டும். தன் கையால் வார்த்த நீர் மகளைப் பொசுக்கிவிடும் என்று அவள் நம்பினாள். அண்ணனும் அண்ணியும் ஜோடியாக நிற்கட்டும் என்றாள். கனகவல்லி அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் ஜீப்புக்கு ஆயில் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து நின்றாள்.

"நைனா, நீ சொன்னா அம்மா கேக்கும். உன் பேச்ச அது தட்டினதே இல்ல. ஒரு வார்த்த சொல்லு நைனா."

சொல்கிறேன் என்றான். அந்த ஒரு வார்த்தை என்னவென்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. முதல் நாள் பந்தக்கால் நட ஆள் வந்துவிட்டது. இரண்டாம் நாள், சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்து இறங்கும் நேரத்தில் இதைக் கிளறினால் கல்யாணமே நின்றாலும் நிற்கும் என்று தனக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்தான். பெண்டாட்டியின் கண்ணைக் கெடுத்துவிட்டு எட்டு வருஷம் மூடி மறைத்தவன் வீட்டில் பெண் எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் காலையில் அவள் முன்னால் போய் நின்றான். முல்லைச் சரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

முகூர்த்தத்தின்போது பூவம்மாள் வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு மணைமேல் உட்கார்ந்திருந்தாள். துளசிராமனும் அவன் மனைவி அஞ்சம்மாளும் தாரை வார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவன் பந்தல் ஓரத்தில் நின்றான். கெட்டிமேளம் கொட்டியபோது கனகவல்லி நிமிர்ந்து அப்பாவைத்தான் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான்.

மறுநாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜீப்பில் செவ்வாப்பேட்டையில் விட்டுவிட்டு மணவாளன் மத்தியானம் திரும்பினான். வீடு வெறிச்சென்று கிடந்தது. பூவம்மாள் அதே மணைமேல் உட்கார்ந்து, மிச்சமான வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பொண்ணு அழுதுச்சா என்று கேட்டாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தான். இனிமேல் காக்கவேண்டிய நல்ல பெயர் எதுவும் அவனிடம் மிச்சம் இல்லை போலிருந்தது. பாக்கியராஜ் ஓட்டை போடச் சொன்னதில் ஆரம்பித்து, தாரை உருக்கியது, ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டது, மூடியை எரித்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னான். தீட்டும் இல்லை, சாமியும் இல்லை, அந்த ஆவிதான் தீப்பிடித்தது, உன் இடத்தில் எங்க அண்ணி நின்றிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் என்றான்.

அவள் கை வெற்றிலையோடு நின்றுவிட்டது. தார் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னான். நாலு ஓட்டையுமா என்று கேட்டாள். நாலும் என்றான். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து அவள் திட்டக்கூடிய திட்டெல்லாவற்றுக்கும் அவன் மனசுக்குள் தயாராகத்தான் இருந்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயார். அவள் அவன் முகம் இருக்கும் திசைக்குத் திரும்பினாள்.

"இத நேத்து காத்தால சொல்லியிருக்கக்கூடாதா மாமா," என்றாள். "எம் பொண்ணுக்கு நானே தண்ணி வார்த்திருப்பேனே."