குழாயடி வரைக்கும்

எழுதத் தெரிந்தவர்கள் உட்காரவேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன், மன்னிக்கவேண்டும். பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீராம்புரத்தில், கை கால் விழுந்துபோன வயதானவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பில் இருந்தேன். எந்த வீட்டுக்கு என்றைக்குப் போவது என்று பட்டியல் போடுவதும், பிசியோதெரபி டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதும் என் வேலை. அந்த அம்மாவுக்கு ஊர் மொழியான கன்னடம் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் எதையும் பிடிக்காமல் சந்து முனைக் குழாய் வரை போய்த் திரும்பிவிட்டால், அவர் பெயரை அடித்துவிட்டு, காத்திருக்கும் அடுத்தவருக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி, பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன ஒரு பழைய மில் தொழிலாளியுடையது. மகனும் மருமகளும் பீன்யாவுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை தனி ஆள். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, மாடு கீடு குறுக்க வந்துச்சா? பத்தேகால் ஆவுது" என்பார். உடனே, "சாப்ட்டியா?" என்னை அப்படிக் கேட்க அப்போது வேறு யாரும் இல்லை.

பாதிச் சந்து தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு "சாக்கு" என்பார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். டாக்டரம்மா திருப்பிக் கூட்டிவருவார். மாதக்கணக்கில் அதே சுவர், அதே சொல். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை வேறு வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சந்தில் நுழைந்தேன். குழாயடியிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். வலது கையில் நிறைந்த வாளி.

"பாத்துட்டியா?" என்றார்.

"எவ்ளோ நாளாங்கய்யா?"

"தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து. எழுதிடாதம்மா. நடக்கறேன்னு எழுதினா நீ எங்க வரப்போற?"

எனக்கும் எழுதாமல் விடத்தான் ஆசை. ஆனால் அடுத்த பெயர், பக்கத்துச் சந்தில் இடுப்பு எலும்பு உடைந்து படுத்த படுக்கையாய்க் கிடந்த ஓர் அம்மாவுடையது. சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"கீரை விக்குமே, அந்தம்மாவா? வாய் ஜாஸ்தியாச்சே" என்று சிரித்தார். பிறகு, "சரி, எழுதிக்கோ" என்றார்.

அவர் கண்ணெதிரிலேயே எழுதினேன். வேலை இல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் தைரியம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. அந்தச் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் நடையைக் குறைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய், பத்து மணிக்குப் பக்கத்துச் சந்துக்குப் போனோம். அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மாதக்கணக்கில் படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டோம். உட்காரவைக்க முடியவில்லை.