ஒரு வருட வாரண்டி

யுத்தகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். ஒருநாள் நன்றாக அயன் பண்ணிய சட்டையோடு ஒரு பெரியவர் வந்தார். அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடையாள அட்டையும், தமிழர் அங்கே தங்க எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் அதற்குள் இருந்தன.

"மகன்ர கம்ப்யூட்டர் இப்ப நிண்டு நிண்டு வேலை செய்யுது, தம்பி. அவன் எடுத்த படமெல்லாம் அழிஞ்சுபோகக் கூடாது. கொப்பி பண்ணி வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் தாங்கோ."

"மகன் எங்க, ஐயா?"

"பம்பலப்பிட்டியில வச்சு வெள்ளை வான் ஒண்டில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். தேடுறம்."

நான் வியாபாரம் பேசினேன். இரண்டு டிஸ்க்குகளை எடுத்து வைத்தேன். ஒன்றுக்கு ஒரு வருட வாரண்டி, மற்றதற்கு மூன்று வருடம். மூன்று வருடம் உள்ளதையே எடுங்கள் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"அவன் வர அவ்வளவு காலம் செல்லுமெண்டே சொல்லுறீர்?"

ஒரு வருடம் உள்ளதையே வாங்கினார். வாரண்டித் துண்டை மகனின் பெயரில் எழுதச் சொல்லி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

துண்டில் திகதி போட்டவன் நான். அந்த வருடம் முடிந்த நாளில், அந்தத் துண்டோடு அந்தப் பெடியன் வருவான் என்று, கடை பூட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.