மாஸ்டருக்குக் குமட்டியது

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்த ஒரே பெண் அவள்தான். மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, இரும்புக் கையுறையை மாட்டிக்கொண்டு மின்கத்தியை உள்ளே விட்டாளானால், ஒரு பெட்டி நிறையச் சட்டைகளுக்கு வேண்டிய காலர் அத்தனையும் ஒரே இழுப்பில் வந்துவிடும். கூட இருந்த ஆண்களே அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துப் பிரிவில் பொத்தான் தைப்பவள் நான். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

இங்கே மாஸ்டர் என்றால், வீட்டில் அவள் 'அது'. "அது இன்னும் எந்திரிக்கலையா?" என்றுதான் மாமியார் கேட்பாள். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. அதனால் வந்த பெயர். மாசக் கடைசியானால் அந்த அம்மாள் குளியலறைக் குப்பைக்கூடையின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, மகன்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "இந்த மாசமும் வந்துடுச்சு போல" என்பாள். மாஸ்டருக்கு வாயில் இருக்கும் சோறு இறங்காது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொள்வான். புருஷன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்வான்.

அந்தப் புருஷனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, "பயப்படாம ஓட்டுங்க" என்று அடுத்தவருக்குத் தைரியம் சொல்கிறவன். தம்பியும் அதே பள்ளியில்தான் வேலை பார்த்தான். அவனுக்குப் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் ஒரே வீடு.

பரிசோதனை எல்லாம் மாஸ்டருக்குத்தான். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மை செலுத்திப் படம் எடுத்தார்கள். அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். மாத்திரையில் முகம் உப்பியது. ஊசியில் தொடை கன்றிப்போனது. ஒவ்வொரு தடவையும் புருஷன் வாசலிலேயே நின்று கேட்பான்: "என்னவாம்? உனக்கு என்ன கோளாறாம்?"

பிறகு ஒரு புது டாக்டரம்மாவிடம் போனார்கள். அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"இல்லைங்க."

"பாதி விஷயத்தைப் பாக்காமயே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்களே!"

வீட்டுக்கு வந்ததும் அவன் குதியோ குதி என்று குதித்தான். "எனக்கென்ன கொறச்சல்? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" ஒரு வாரம் போனது. அப்புறம் என்ன நினைத்தானோ, "சரி, தம்பிய கூட்டிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்று அவனாகவே சொன்னான். முடிவு வந்தது, ஒரு குறையும் இல்லையாம். மாமியார் அதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். இனி யார்மேல் பழி என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மாஸ்டரின் தொப்புளருகே துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் ஒன்றும் அகப்படவில்லை.

"ரெண்டு பேருக்குமே குறை தெரியல. அவரோட விந்தைச் சுத்தம் பண்ணி நேரா கருப்பைக்குள்ளயே வெச்சுப் பாத்துடலாம்" என்றாள் டாக்டரம்மா.

குறித்த நாளில் காலையிலேயே போனார்கள். வண்டி ஓட்டத் தம்பியும் வந்தான். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்ததால் மாஸ்டருக்கு அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் எழுந்து, நடையின் கடைசியில் இருந்த கழிவறைக்குப் போனாள். அதை ஒட்டினாற்போல்தான் ஆண்கள் விந்து எடுத்துக் கொடுக்கும் அறை. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கயிறு. வெளியே வரைக்கும் பினாயில் நாற்றம், அதற்கு அடியில் இன்னொரு நாற்றம். வாசலில் அவள் புருஷன் காவல் நின்றான். உள்ளே யார் என்று அவளுக்குப் புரியவில்லை.

கயிறு அவிழ்ந்தது. கொழுந்தன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே வெளியே வந்தான். கையில் இருந்த சின்ன டப்பாவை அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தான். கார் சோதனையில் தேறியவனுக்குத் தட்டுகிற மாதிரி.

"அண்ணி..." என்றான் கொழுந்தன்.

மாஸ்டர் கழிவறைக்குள் ஓடினாள். தொட்டியில் குனிந்து, குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தாள். புருஷன் பின்னாலேயே வந்தான்.

"கத்திக் கூப்பாடு போடாத. வெளிய யார்கிட்டயோவா வாங்கினோம்? நம்ம ரத்தம்தானே. அம்மாதான் யோசனை சொன்னாங்க."

"அப்போ டெஸ்ட்டுக்கு?"

"அதுவும் அவன்தான். எனக்கு உயிரணு ஒண்ணுமே இல்லைனு மொதல்லயே வேற எடத்துல சொல்லிட்டாங்க."

"மொதல்லன்னா எப்போ?"

"நமக்குக் கல்யாணமாகி மறுவருஷம்."

மை செலுத்தியது, ஊசி, துளை எல்லாமே அதற்குப் பிறகு நடந்தவை. அவள் வாயைக் கழுவிக்கொண்டாள். அதுவரை அவனை 'நீங்க' என்றே அழைத்துப் பழகியவள், "நீ தள்ளு" என்றாள்.

நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். உள்ளே வேறொரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "அந்த டப்பால இருக்கறது என் புருஷனோடது இல்லைங்க. அவர் தம்பியோடது" என்றாள். டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. நர்ஸ், "டப்பால பேர் இருந்தா வாங்கிப்போம்மா. யார் குடுத்ததுன்னு நாங்க எப்படிப் பாக்க முடியும்?" என்றாள். "கொஞ்சம் மெதுவா பேசுங்க, மத்த பேஷண்ட்ஸ் இருக்காங்க" என்றாள் டாக்டரம்மா.

மாஸ்டர் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். "மேல ஒண்ணுமே படலைடி. ஆனாலும் பட்ட மாதிரியே இருக்கு" என்றாள்.

மறுநாள் துணிமணி எடுக்க நானும் கூடப் போனேன். மாமியார் வாய் கூசாமல், "உனக்கு ஒரு புள்ள வேணும்னுதானே இவ்வளவு பாடு பட்டோம்? நன்றி கெட்டவளே!" என்றாள். சமையலறையில் ஓரகத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் போய் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஓரகத்தி குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து தெறித்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலைக்கா" என்றாள், திரும்பாமலே.

சில வாரம் கழித்துப் புருஷன் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றான். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் என்றான்.

"புள்ள இல்லைன்னா இல்லைன்னு உன்கூட இருந்திருப்பேன். நெசமா இருந்திருப்பேன்" என்றாள் மாஸ்டர். "உன் வெக்கத்துக்கு என் வயிறுதானா கெடச்சுது?"

போலீசுக்குப் போகலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். முதலிலிருந்து ஒவ்வொருவர் முன்னாலும் அதை வாயால் சொல்ல வேண்டுமே என்று மறுத்துவிட்டாள். விவாகரத்து மட்டும் வாங்கிக்கொண்டாள். என் தெருவிலேயே ஓர் அறை பிடித்துத் தனியாகக் குடியேறினாள்.

இரண்டு வருடம் கழித்து, அவன் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டான் என்ற செய்தி வந்தது. அன்றிலிருந்து மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியே ஆகணும்" என்பாள். பிறகு நாளைத் தள்ளிப்போடுவாள். கடைசியில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வாயும் வயிறுமாக நின்றாள். யார் என்று தெரிந்ததும், "உள்ள வாங்கக்கா" என்று நாற்காலி போட்டாள். பின்னால் மாமியாரின் தலை தெரிந்தது. கல்யாணமான உடனேயே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், முதல் தடவையிலேயே கரு தங்கிவிட்டது என்று அந்தப் பெண் பூரிப்போடு சொன்னாள். "உங்களுக்கும் ஒரு நல்லது நடக்கும்க்கா. மனச விட்டுடாதீங்க" என்றும் சொன்னாள்.

மாஸ்டர் அந்த வயிற்றையே பார்த்தாள். சொல்ல நினைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, "உடம்பப் பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொல்லி எழுந்து தொழிற்சாலைக்கு வந்தாள்.

"ஒருவேளை வைத்தியம் பாத்து அவனுக்கே சரியாகியிருக்கலாம்" என்று நான் தேற்றினேன்.

"இருக்கலாம்" என்றாள். "அது யாரோடதுன்னு இவ்வளவு தூரம் நான் யோசிக்கிறேன் பாரு. அதை நெனச்சாதான் எனக்கு என்மேலயே அருவருப்பா இருக்கு."

மீதி அரைநாளையும் லீவாகச் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.