கெட்டவள் கட்சி

டார்கஸ் பிம்முக்கு எழுத்தறிவித்தது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி. வேதாகமம் வாசிக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் வாசித்ததோ கள்ள உயிலும் கொலையும் திருட்டுக் கல்யாணமும்! செல்ட்டன்ஹம் நகரில் பீர் ஆலை முதலாளி கார்வெல் வீட்டில், எஜமானி லெட்டிஸ் அம்மாளுக்கு அவள் பணிப்பெண். விளக்கு வெளிச்சத்தில் அம்மாளுக்குக் கண் வலிக்கும். அதனால் சாயங்காலம் தலை பின்னி முடித்ததும் டார்கஸ்தான் நாவலைப் பிரித்து உரக்க வாசிப்பாள்.

நாவல் மூன்று பாகமாக இருக்கும். வாடகை நூலகத்தில் ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். அந்தக் குளிர்காலத்தில் வந்த கதையில் இரண்டு பெண்கள். ஏமி நல்லவள், கல்லானாலும் கணவன் என்று இருப்பவள், அடிக்கடி மயங்கி விழுவாள். செரஃபினா கெட்டவள். புருஷன் மாடியில் பூட்டி வைத்தால், அவன் மதுவில் அபினித் தைலத்தைக் கலந்து தூங்க வைத்துவிட்டு, அவனுடைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து போகிறவள்.

"ஏமி மறுபடியும் விழுந்துட்டாளா?" என்று கேட்பாள் லெட்டிஸ்.

"விழுந்துட்டாம்மா. இவ இடுப்புல ஒரு மெத்தையைக் கட்டி விட்டா தேவலை."

"அவ கிடக்கட்டும், செரஃபினா வர்ற இடத்துக்குப் போ. அந்த வீட்டுல அந்தப் பாவி ஒருத்திதான் எதையாவது செய்யறா."

அதுதான் விஷயம். நல்லவளுக்கு எல்லாம் நடக்கும். எதையும் அவள் நடத்த மாட்டாள். மூன்றாம் பாகத்தில் கெட்டவளுக்குத் தண்டனை உண்டு என்பது இங்கிலாந்தில் நாவல் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் இரண்டு பாகம் அவள் ராஜ்ஜியம். அந்த இரண்டு பாகத்துக்காகத்தான் இவர்கள் ஏங்கிக் கிடந்தார்கள். இதில் என்ன பாவம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருநாள் லெட்டிஸ் கணவரிடம், பாத் நகரில் இருக்கும் தன் அக்காளோடு போய்த் தனியே இருக்கப் போவதாகச் சொன்னாள். அவர் கத்தவில்லை, கோபிக்கவும் இல்லை. அதே வாரம் குடும்ப வைத்தியர் வந்து அம்மாளுக்கு நாடி பார்த்தார். இன்னொரு நாள் ரெய்க்ஸ் என்ற கனவான், முதலாளியின் லண்டன் சிநேகிதர் என்று தேநீருக்கு வந்தார். அம்மாளோடு தனியே கொஞ்ச நேரம் வானிலை பற்றிப் பேசினார்.

அவர் கிளம்பும்போது, இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க டார்கஸ் புறப்பட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"அட, இந்தக் கதையா? எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்மா," என்றார் ரெய்க்ஸ். "உங்க அம்மா யார் கட்சி?"

பிறந்ததிலிருந்து எந்தக் கனவானும் டார்கஸிடம் ஒரு கதையைப் பற்றிக் கேட்டதில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"செரஃபினா கட்சிங்கய்யா! நாங்க ரெண்டு பேருமே!"

"புருஷனுக்கு மருந்து வெச்சாளே, அவளா?"

"ஆமாங்கய்யா. 'நானா இருந்தா இன்னும் ரெண்டு சொட்டு கூட விட்டிருப்பேன்'னு சொல்லி அம்மா ஒரே சிரிப்பு!"

ரெய்க்ஸும் சிரித்தார். தவளை தன் வாயால் தானே கெடும் என்பார்கள். டார்கஸின் வாய் கெடுத்ததோ அவள் உயிராக நினைத்தவளை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் மூடுவண்டி நின்றது. தடித்த இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பின்னாலேயே ரெய்க்ஸும் இறங்கினார். சமையற்காரி ஹன்னாதான் டார்கஸின் காதில் விஷயத்தைப் போட்டாள்.

"அவரு பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டருடி. அவங்க எப்பவும் விருந்தாளி மாதிரிதான் வருவாங்க. ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டாப் போதும், புருஷன் பொண்டாட்டியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் அடைச்சிடலாம். கேள்விமுறை கிடையாது."

டார்கஸ் ரெய்க்ஸின் முன்னால் போய் விழுந்தாள்.

"ஐயா, அந்த ரெண்டு சொட்டு நான் சொன்னது! அம்மா சொல்லவே இல்லை!"

"விசுவாசமான பொண்ணு," என்று அவர் முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க! நானும் அதே கட்சிதானே?"

"வேலைக்காரி எந்தக் கட்சியா இருந்தா யாருக்கு என்னம்மா?" என்றார் அவர், அன்பாகவே.

லெட்டிஸ் தொப்பி அணிந்து படியிறங்கி வந்தாள். ஏதாவது செய்வாள், தள்ளுவாள், ஓடுவாள், பொய்யாவது சொல்வாள் என்று டார்கஸ் காத்திருந்தாள்.

"கத்துங்கம்மா! தெருவுல நாலு பேரு கேட்கட்டும்."

"கத்தினா பைத்தியம்பாங்க. சும்மா இருந்தா தந்திரக்காரிம்பாங்க," என்றாள் லெட்டிஸ். "கையுறையைப் போட்டு விடு டார்கஸ். என் விரல் நிக்க மாட்டேங்குது."

டார்கஸ் போட்டு விட்டாள். மணிக்கட்டில் இருந்த சின்னப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிப் பொத்தானை மட்டும் மாட்டாமல் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்தத் தடித்த பெண்களில் ஒருத்தி வந்து கையைப் பிரித்துவிட்டு லெட்டிஸை வண்டிக்கு அழைத்துப் போனாள். வண்டி கிளம்பியது.

டார்கஸ் திரும்பினாள். கூடத்தில் கார்வெல் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"கதவைச் சாத்து, குளிர் வருது," என்றார் அவர்.

"சரிங்கய்யா," என்று சாத்தினாள் டார்கஸ்.