பச்சை நூல் கட்டிய பிளாஸ்க்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், கவுன்சிலர் தேர்தல் சமயம். அனகாபுத்தூரில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. டியூஷன் டீச்சர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். மழைக்கு ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் ஏறும்போதெல்லாம் ஜனங்களுக்குத் தங்க இடம் பார்த்து, சோறு பொங்கிப் போட்டவர் அவர். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். பிரசாரத்துக்கு என் ஆட்டோவைப் பேசியிருந்தார். மேலே ஸ்பீக்கர் குழாய் கட்டி, பின்சீட்டில் அவர் மைக்கோடு உட்கார, தெருத்தெருவாகப் போவோம். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வருவார்கள். எத்தனை தட்டு வருகிறதென்று பார்த்தாலே அந்தத் தெருவின் மனசு தெரிந்துவிடும்.

கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் சொன்னேன். என் மனைவி சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்து எங்கள் பழைய பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தாள். பிடி உடைந்து, பச்சை நூலால் அவள் சுற்றிக் கட்டிய பிளாஸ்க். பம்மல் போகும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, மூடியில் ஊற்றி டீச்சரிடம் நீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

அதை யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வார்டு வாட்ஸ்அப் குரூப் முழுக்க அதுதான். “புருஷன் ஃபாரின்ல, டீச்சரம்மா ஆட்டோல” என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஆளாளுக்கு ஒன்று. “வூட்ல போய் சோறாக்க சொல்லுங்கடா.” “புடவ சூப்பரா கீது, என் ஓட்டு உனக்குதான்.” அதற்கும் கீழே இருந்ததை எழுத என் கை கூசுகிறது. மழை நாளில் அவர் கையால் சோறு வாங்கித் தின்ற ஒருவனும் சிரிக்கிற பொம்மையைப் போட்டிருந்தான்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். காலையில், வேறு டிரைவரை அனுப்பிவிடுகிறேன், நான் ஒதுங்கிக்கொண்டால் டீச்சருக்கு நல்லது என்றேன்.

“நீ போவலைன்னா அது நெசமாப் பூடும்யா” என்றாள். பிளாஸ்க்கை நிரப்பி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் வீட்டு வாசலில் முகமெல்லாம் வீங்கி நின்றுகொண்டிருந்தார். “பொண்ணு காலேஜுக்கே போகலண்ணா. ரூம் கதவ சாத்திக்கிட்டா. இன்னிக்கு ஒரே ஒரு தெரு பாக்கலாம். யாரும் வெளில வரலன்னா நான் வீட்டோட இருந்துடுறேன்.” அப்போதுதான் உள்ளே இருந்த என் மனைவியைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார். இவள் நகர்ந்து இடம் விட்டு, “குந்துக்கா” என்றாள்.

அந்தத் தெருவில் ஒரு தட்டும் வரவில்லை. பெண்கள் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். டீக்கடை ஓரம் இரண்டு வாலிபர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். டீச்சர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். சத்தம் எழவில்லை. தொண்டையா, பயமா, எனக்குத் தெரியாது. மைக்கைத் தள்ளிப் பிடித்து, “வண்டியத் திருப்பிடுங்கண்ணா” என்றார் மெதுவாக.

என் மனைவி இறங்கினாள். மூடியில் கஷாயத்தை ஊற்றி நீட்டினாள்.

“இந்தா குடிக்கா. நேத்து போட்டோல வந்துச்சே, அதே பிளாஸ்க்குதான். கஷாயம் நான் வெச்சது. ஊத்திக் குடுத்தது எம் புருஷன். வூட்ல குடிச்ச டம்ளரக் கூட எடுத்து வெக்காத மனுசன், இதையாவது ஒழுங்கா செஞ்சாரேன்னு எனக்கு சந்தோஷமா கீது!”

டீச்சர் கையில் மைக் ஆனில் இருந்தது. இவள் பேசியதெல்லாம் குழாய் வழியாகத் தெருக்கோடி வரை கேட்டது. நான் பதறிப்போய் ஸ்விட்சைத் தேடினேன். டீச்சர் வேண்டாமென்று தலையாட்டினார்.

இவள் அந்த வாலிபர்கள் பக்கம் திரும்பினாள். “நல்லா எடு தம்பி. மூடி தெரியிற மாரி எடு. உனுக்கும் தொண்ட கட்டிக்கிச்சுன்னா சொல்லு, நாளைக்கு சேத்து வெக்கிறேன்.”

போன் இறங்கியது. ஒரு கேட்டுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். “எனக்கும் இருமலா கீதும்மா, ஒரு வாய் குடேன்” என்று ஒரு பெண் டம்ளரோடு வெளியே வந்தார். அவர் பின்னாலேயே எதிர்வீட்டுப் பெண், கையில் ஆரத்தித் தட்டு. டீச்சர் அழுதுகொண்டே கஷாயத்தைக் குடித்தார். பிறகு, கரகரத்த குரலில் மழைநீர்க் கால்வாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்று ஒரு தெருவோடு நிற்கவில்லை. சாயங்காலம் மகளும் வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

தேர்தலில் அவர் ஜெயிக்கவில்லை. முடிவு வந்த மறுநாள், எங்களிடமிருந்து கடைசியாக வாங்கிப்போன பிளாஸ்க்கைத் திருப்பித் தர மகளோடு வந்தார். வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதென்று உள்ளே பாயசம். சுக்கு வாசனை அதில் லேசாக அடித்தது.

“தோத்ததுக்கு யாராவது பாயசம் குடுப்பாங்களாக்கா?” என்றாள் இவள்.

“இது அடுத்த தடவைக்கு. அண்ணா, அப்ப வண்டிய வேற யாருக்கும் பேசிடாதீங்க” என்றார் டீச்சர்.

அந்தப் போட்டோ இன்னும் யார் யார் போனிலோ கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் தெரிவார்கள். எனக்கு, பிளாஸ்க் பிடியில் இருக்கும் அந்தப் பச்சை நூல் கண்ணில் படும்போதெல்லாம், அன்றைக்கு ரோட்டோரத்திலும் என் மனைவி எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள் என்று தோன்றுகிறது.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்றுதான் எழுதி முடித்தேன். மாட்டுப் பொங்கல், மத்தியானம்.