ஓவர்க்ளாக் ப்ரோக்ராமை எடுத்த வீடு

"பேசிண்டே இருக்கும்போது பையன் மூஞ்சி அசையாம நின்னுடறது. அப்புறம் மெஷினே அணைஞ்சு போயிடறது" என்றார் ரங்கராஜன் சார் போனில். ராஜா அண்ணாமலைபுரத்தில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு காலேஜ் வாத்தியார் அவர். பையன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலுக்காகத்தான் வாரம் பூராவும் காத்திருப்பார்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் ரிட்டயர் ஆன பிறகு வீடுகளுக்குப் போய்ப் பழுது பார்க்கிறேன். மந்தைவெளி ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

போய்ப் பார்த்தால், கேபினட்டுக்குப் பழைய ஜன்னல் திரையில் தைத்த உறை. உள்ளே ஆயுதபூஜைக் குங்குமம் அப்படியே இருந்தது. காற்றுப் போகும் வழி மொத்தமும் அடைப்பு.

"தூசி படாம இருக்கட்டுமேன்னு..." என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் கம்ப்யூட்டரைப் பாசத்தாலேயே கொன்றுவிடுவார்கள். உறையை உருவிவிட்டு ஒரு வீடியோவை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. உறை மட்டும் காரணமில்லை.

திரும்ப ஆன் செய்தபோது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியாத ஐகான் ஒன்று. திறந்தேன். ப்ராசஸர் ட்யூனிங் ப்ரோக்ராம்; ஓவர்க்ளாக் என்பார்கள். ப்ராசஸருக்குக் கம்பெனி ஒரு வேகம் வைத்து அனுப்பும். இது வோல்டேஜை ஏற்றி அதற்கு மேல் விரட்டும். கேம் ஆடுகிறவர்கள் ஏசி ரூமில் வைத்துக்கொள்வார்கள். இவர் வீட்டில் ஃபேன்தான். சூடு எல்லை மீறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

"இத எடுத்துடலாம் சார்."

"அது பையன் லீவுல வந்தப்போ போட்டது. அவனைக் கேக்காம எடுக்கப்படாது."

வாட்ஸ்அப்பில் நீளமாக விளக்கி எழுதினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அன்இன்ஸ்டால் கொடுக்கக் கூடாது. முதலில் ப்ரோக்ராமுக்குள் போய் எல்லாவற்றையும் கம்பெனி வைத்த டீஃபால்ட்டுக்கு ரீசெட் செய்து, ரீஸ்டார்ட் செய்து, வேகம் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே அன்இன்ஸ்டால். ஆன் செய்ததும் தானாக ஓடும் ஸ்டார்ட்அப் பட்டியலில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தேட வேண்டும். அப்படித்தான் செய்தேன். பிறகு அவர் காபி குடித்து முடிக்கும்வரை வீடியோ ஓடியது, மெஷின் ஒருமுறைகூட அணையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு சாரிடமிருந்து போன்.

"அந்த ப்ரோக்ராமைத் திரும்பப் போட முடியுமோ?"

"ஏன் சார், மறுபடி நிக்குதா?"

"நிக்கலை. அதான் கஷ்டம். முன்னெல்லாம் நின்னுடுத்துன்னா உடனே போன்ல கூப்பிடுவான். 'அப்பா, ஒயரைப் பாருங்கோ, பின்னாடி கையை வெச்சுப் பாருங்கோ, சுடறதா'ன்னு அரை மணி பேசுவான். இன்னிக்கு 'நன்னா இருக்கேளா, மாத்திரை சாப்பிட்டேளா, சரி வெக்கறேன்'. அவ்வளவுதான்."

அன்று என்னைக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"அதப் போட்டா ப்ராசஸரே போயிடும் சார்" என்றேன். பிறகு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எல்லாக் கஸ்டமரிடமும் செய்யாதீர்கள் என்று கத்திய காரியத்தை நானே சொன்னேன். "பேசிக்கிட்டு இருக்கும்போது சுவத்து ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுங்க. நின்னுபோச்சுன்னு நெனச்சு உங்க பையனே கூப்பிடுவாரு."

"சரியாயிடுத்துன்னு நானே சொல்லிட்டேனே" என்றார். "இனிமே நின்னா, உங்களைக் கூப்பிடச் சொல்லிட்டான்."

ஒரு பழுதை எடுப்பதற்கு முன், அந்த வீட்டில் அது யாரைப் பேச வைத்துக்கொண்டிருந்தது என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், மெஷின் நன்றாக இருக்கிறதா என்று நான்தான் அவரைக் கூப்பிடுகிறேன்.